வேலிக்கு அந்தப் பக்கம்

அந்தக் குடியிருப்புச் சங்கத்துக்கு அவள் செயலாளர் ஆனது, போன் பேச வெளியே போன நேரத்தில். ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு, எக்ஸ்ரே மெஷின் மறுபடியும் மக்கர் பண்ணுகிறதாம். எந்தப் பட்டனை அமுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குத் திரும்பினால், எல்லாரும் அவளைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஆள் இல்லாத நேரம் பார்த்து மாட்டி விட்டுட்டீங்களே!" என்றாள்.

"உள்ளே இருக்கிறதைப் பார்க்கிற கண்ணு உங்களுக்குத்தானே இருக்கு, எக்ஸ்ரேம்மா" என்றார் மருந்துக்கடைக்காரர். குடியிருப்பில் எல்லாருக்கும் அவள் எக்ஸ்ரேம்மாதான்.

வந்த உடனே தலையில் விழுந்தது தோட்டப் பிரச்சினை. வீடுகள் இரண்டு வரிசை. முன்வரிசை, நடுவில் இருக்கும் பூங்காவைச் சுற்றி வளையமாக நிற்கும். பின்வரிசை அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெளிச்சாலையைப் பார்க்கும். பூங்கா, அதைச் சுற்றி இடுப்புயர வேலிச்செடி, பாதையோரத்து மரங்கள் எல்லாம் பொது. எல்லா வீட்டிலும் மாதாமாதம் தோட்டச் சந்தா வாங்கி, கான்ட்ராக்டர் ஒருவரிடம் கொடுத்துப் பராமரித்து வந்தார்கள். தண்ணீர் விலையும் ஆள் கூலியும் ஏறிவிட்டது, சந்தாவை ஏற்றித் தர வேண்டும் என்று அவர் கேட்டார். அவ்வளவுதான், கூட்டம் சந்தைக்கடை ஆகிவிட்டது.

"அவங்க ஜன்னலைத் திறந்தா பச்சைப்பசேல்னு இருக்கு. நாங்க திறந்தா குப்பை வண்டி நிக்குது. ரெண்டு பேருக்கும் ஒரே சந்தாவா?" என்றது பின்வரிசை.

"சாயங்காலம் நாயைக் கூட்டிட்டு வந்து நிக்கிறது யாராம்?" என்றது முன்வரிசை.

"செடி என்ன நோயாளியா, மூணு வேளை மருந்து கொடுக்க? அது பாட்டுக்கு வளரும். சந்தாவே வேண்டாம், விடுங்க" என்றார் மருந்துக்கடைக்காரர். அவர் வீடு முன்வரிசை. அவரே சொன்ன பிறகு யார் மறுக்கப் போகிறார்கள்? கைகள் உயர்ந்தன. தோட்டச் சந்தா ஒழிந்தது.

கான்ட்ராக்டர் புல்வெட்டும் மெஷினை வண்டியில் ஏற்றிக் கட்டிவிட்டு அவளிடம் வந்தார். அவளைவிடச் சின்னவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"ரெண்டே வாரம் விடுங்கக்கா. அப்புறம் பாம்பு வந்து சந்தா கேக்கும். அதுகிட்ட கை தூக்கிப் பாருங்க."

அவள் சிரித்துவிட்டாள். அவர் சொன்னதுதான் நடக்கும் என்று நினைத்தாள்.

ஆனால் நடக்கவில்லை. இரண்டு வாரமும் போயிற்று, அதற்கு மேலும் போயிற்று. புல் கம்பளி விரித்தது மாதிரி ஒரே மட்டத்தில் இருந்தது. வேலிச்செடி அளந்து வைத்த மாதிரி நின்றது. காலையில் பால் வாங்கப் போகும்போது பார்த்தால், மரத்தடி மண் முந்தின நாள் நனைந்த ஈரத்தோடு கறுத்துக் கிடக்கும். வெட்டின தழையெல்லாம் ஓரமாகக் குவிந்து கிடக்கும். யாரோ புண்ணியவான் சத்தம் போடாமல் ஆள் வைத்துச் செய்கிறார் என்று முதலில் நினைத்தாள். மருந்துக்கடைக்காரருக்கு மனது உறுத்தியிருக்கும், வெளியே சொன்னால் கௌரவக் குறைச்சல் என்று கமுக்கமாக இருக்கிறார் என்று கூடக் கணக்குப் போட்டாள்.

அவளுக்கு மதியத்துக்கு மேல்தான் டியூட்டி. சமைத்து வைத்துவிட்டு, மாமனாருக்குத் தட்டை மூடி மேஜையில் வைத்துவிட்டு, உச்சிவெயிலுக்கு முன்னால் கிளம்பினால் இருட்டின பிறகுதான் வீடு. விடுமுறை நாளிலும் மத்தியானம் படுத்தால் இருட்டின பிறகுதான் எழுவாள். அதனால் அந்தத் தோட்டக்காரனை அவள் கண்ணால் கண்டதே இல்லை. கேள்விப்பட்டது மட்டும்தான். வெயில் சாயும்போது வருகிறானாம். அகலத் தொப்பி, சாம்பல் நிறத்தில் தொளதொளவென்று ஒரு மழைக்கோட்டு. யாரிடமும் பேசுவதில்லையாம்.

செயலாளர் என்ற முறையில் அவளுக்கு ஒரு கவலை. முகம் தெரியாத ஆள் கத்தரியும் கையுமாக வேலை செய்கிறான். ஏதாவது வெட்டுக் காயம் பட்டால் யார் பொறுப்பு? ஒரு விடுமுறை நாள் காலையில் கான்ட்ராக்டரின் நர்சரிக்கே போய்விட்டாள்.

"தம்பி, உங்க ஆளா?"

தொட்டிக்கு மண் போட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிக்கொண்டு எழுந்தார். "என் ஆள் இல்லக்கா. இனிமே உங்க குடியிருப்புல நான் கால் வைக்கிறதாவும் இல்ல."

"கோவமா?"

"கோவம் இல்லக்கா. ஏணியை விட்டுட்டு வந்துட்டேன்னு ஒரு நாள் எடுக்க வந்தேன். அந்த ஆள் அங்க முதுகைக் காட்டி நின்னு தண்ணி விட்டுட்டு இருந்தார். அந்த முதுகுல தொத்திக்கிட்டு வளர்ந்தவன்க்கா நான். ஒரு தோள் கொஞ்சம் இறங்கி இருக்கும்." அவர் குரல் இறங்கிவிட்டது. "எங்கப்பா. அவருக்கு நான்தான் கொள்ளி வச்சேன். ஏணி அங்கேயே கிடக்கட்டும்னு ஓடி வந்துட்டேன்."

"வெயில்ல நின்னா இப்படித்தான், தம்பி. கண்ணு பூத்துப்போயிருக்கும்."

"அப்படியே இருக்கட்டும்க்கா" என்று சொல்லி அவர் மறுபடி மண்ணை அள்ளத் தொடங்கினார்.

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் திரும்பி வந்த பிறகு குடியிருப்பைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தாள். முன்வரிசை வீடுகளில் பூங்காப் பக்கத்துத் திரைச்சீலைகள் எல்லாம் அகற்றப்பட்டிருந்தன. சோபாக்கள், சாப்பாட்டு மேஜைகள் ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தன. பின்வரிசைக்காரர்கள், எங்களுக்குத் தோட்டமே தெரியவில்லை என்று கத்தினவர்கள், பூங்கா பெஞ்சுகளில் கைக்குட்டை போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார்கள். மத்தியானத்துக்கு மேல் மருந்துக்கடை சாத்தியிருக்கிறது என்று ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு நோயாளி குறைப்பட்டுக்கொண்டார். அவருக்கே தலைவலி, காய்ச்சல் வந்தால்கூட மூடாத கடை அது.

அவள் நேராகப் போய்க் கேட்டாள். மருந்துக்கடைக்காரர் அவளை வீட்டுக்குள் அழைத்து, கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க. அது என் தம்பி."

"உங்க தம்பி போன வருஷமே…"

"ஆமா. கடைசி நேரத்துல நான் பக்கத்துல இல்ல. கடையில இருந்தேன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தினம் வரான். நான் ஜன்னல்ல உக்காந்துக்கறேன். அவன் பாட்டுக்கு வேலை செய்யறான். ஒரே ஒரு விஷயம் எக்ஸ்ரேம்மா, முன்னாடி மட்டும் போயிடக் கூடாது. ஏன்னு கேக்காதீங்க. எனக்கு அப்படித் தோணுது. நீங்க பாட்டுக்குச் சங்கம், சந்தான்னு ஆளைக் கூட்டிட்டு வந்து நிறுத்திடாதீங்க. வேலை இருக்கிற வரைக்கும்தான் அவன் வருவான்."

வெளியே வந்து நாலு எட்டு வைப்பதற்குள் பாட்டு டீச்சர் பிடித்துக்கொண்டாள். தனியாக இருப்பவள். பிள்ளைகளுக்கு வீட்டில் வைத்துப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பாள். இப்போதெல்லாம் வருகிற பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிவிடுகிறாள் என்று பேச்சு. கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

"அக்கா, தோட்டத்துக்கு ஆள் போடப் போறீங்கன்னு சொல்றாங்களே, நிஜமா? போடாதீங்கக்கா. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். என் பொண்ணு வரா."

அந்தப் பெண் பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே இறந்துபோனவள். எக்ஸ்ரேம்மாவே அவளுக்கு ஒரு தரம் மார்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறாள். அந்தப் படத்தை விளக்குத் திரையில் மாட்டின கணமே, தேறாது என்று எக்ஸ்ரேம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் சொல்ல வேண்டியது டாக்டர் என்பதால், "மூச்சை விடும்மா, முடிஞ்சுது" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தாள்.

அப்பாவாம். தம்பியாம். மகளாம். ஒரே தொப்பி, ஒரே கோட்டு. ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். எல்லாருடைய கதையும் வந்து சேர்ந்தது அவள் ஒருத்தியிடம். தன் வீட்டு மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தவள் பாதிப்படியில் நின்றாள்.

போனவர்கள் வருகிறார்கள் என்றால், அவள் ஜன்னலுக்கு யார் வருவார்?

அவளுடைய கணவன் இறந்துவிட்டான் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. இருக்கிறான் என்றும் சொன்னதில்லை. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில், "பைக்குக்குக் காத்து அடிச்சிட்டு வரேன், டீயை ஆற விடாதே" என்று சொல்லிவிட்டுப் போனான். சண்டை இல்லை, கடன் இல்லை, கூடப் பழகின பெண் என்று யாரும் இல்லை. பைக் பஸ் நிலையத்தில் கிடைத்தது. பூட்டி, ஒழுங்காக வரிசையில் நிறுத்தியிருந்தது. இரண்டு சக்கரத்திலும் காற்று நிறைய இருந்தது. போலீஸ்காரர் டயரை அமுக்கிப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவள் இன்னும் மறக்கவில்லை.

அன்றிலிருந்து அவளும் மாமனாரும் ஒரே வீட்டில் காத்திருந்தார்கள். அவன் பெயருக்கு வரும் கடிதங்களைப் பிரிக்காமல் அடுக்கி வைத்தார்கள். பிணவறைக்கு அடையாளம் காட்ட இரண்டு தடவை கூப்பிட்டார்கள். இரண்டு தடவையும் அவள் போய்ப் பார்த்து, "இல்ல, இது அவர் இல்ல" என்று சொல்லி வந்தாள். இரண்டு தடவையும் மாமனார் வாசலிலேயே நின்றிருந்தார்.

அன்று அவள் வீட்டுக்குள் போனபோது அவர் பூங்காப் பக்கத்து ஜன்னலை ஒட்டி உட்கார்ந்திருந்தார். வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டினவர். கையில் இருக்கிற செய்தித்தாள் எழுத்து அவர் கண்ணுக்குத் தெரியாது. தெருக்கோடியில் வருகிற வண்டி நம்பர் தெரியும்.

"மாமா" என்றாள். தோட்டத்துப் பக்கம் பார்க்காமல் சுவரோரமாக நின்றாள்.

அவர் அவளைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "உன் அத்தைதான்மா."

"அத்தையா?" மாமியார் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியிருந்தது.

"அவளேதான். இடுப்புல கையை வச்சுக்கிட்டு வேலிகிட்ட நின்னு மூச்சு வாங்கறா. வேற யாரும் இல்ல. முதல் நாள் பார்த்தப்ப நெஞ்சு அடிச்சுக்கிச்சு. கிட்டத்துல வந்ததும் உன் அத்தைன்னு தெரிஞ்சுது. அப்பாடான்னு இருந்துச்சு."

அவளுக்கும் அப்பாடா என்றுதான் இருந்தது. அப்படி ஒரு நிமிஷம் இருந்துவிட்டு உடனே போய்விட்டது. மருந்துக்கடைக்காரருக்கு அப்பா, அம்மா, தம்பி மூவருமே இல்லை. வருவது தம்பி மட்டும்தான். பார்க்கிற ஒருத்தருக்கு ஒருவர்தான் போல. மாமாவுக்கு அத்தை வந்ததால் அவளுக்கு யார் என்பது முடிவாகிவிடாது.

"நீ பார்க்க வேண்டாம்மா" என்றார் மாமனார். "உனக்கு மத்தியான டியூட்டி இருக்கிறதே நல்லதுன்னு நினைச்சுக்கறேன். நீ பார்த்தா தெரிஞ்சு போயிடும். தெரிஞ்சுக்காமலே நாம இவ்வளவு நாள் ஓட்டிட்டோம். இன்னும் கொஞ்சம் ஓட்டிட மாட்டோமா?"

"சரி மாமா."

நாட்கள் அப்படியே போயின. வார விடுமுறையையும் அவள் வேலைக்கு மாற்றிக்கொண்டாள். கூட வேலை செய்பவர்கள், "என்ன அக்கா, சொத்துச் சேர்க்கறீங்களா?" என்று கேலி செய்தார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது பூங்காவைச் சுற்றிக்கொண்டு பின்வழியாகப் போனாள். ஆனால் வெட்டின தழையின் பச்சை வாசனை எந்த வழியாகப் போனாலும் மூக்கில் ஏறியது.

ஒரு நாள் சாயங்காலம் எக்ஸ்ரே அறைக்குச் சக்கர நாற்காலியில் பாட்டு டீச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மணிக்கட்டு வீங்கி, கை வேறு யாருடையதோ மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. முட்டியெல்லாம் சிராய்ப்பு.

"எங்க விழுந்தீங்க?"

டீச்சர் கையை மேஜை மேல் மெதுவாக வைத்து, விரல்களை விரித்து, படம் எடுக்கும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். எல்லாம் முடிந்த பிறகு, எக்ஸ்ரேம்மா அவள் கையைத் துணியில் தாங்கிக் கட்டும்போது பேசினாள்.

"முன்னாடி போயிட்டேன்க்கா."

எக்ஸ்ரேம்மாவின் கை நின்றது.

"எவ்வளவு நாள்தான் முதுகையே பார்க்கிறது? ஒரே ஒரு தரம் முகத்தைப் பார்த்துடலாம்னு ஓடினேன். வேலியைச் சுத்தி ஓடி, முன்னாடி போய் நின்னேன். தொப்பி இருந்துச்சு. கோட்டு இருந்துச்சு. முகம் இருக்க வேண்டிய இடத்துல வெயில் இருந்துச்சுக்கா. வெறும் வெயில்." டீச்சர் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "பின்னாலயே சரிஞ்சு விழுந்துட்டேன். கண்ணைத் திறந்து பார்த்தா அவ இல்ல. தண்ணி பைப் மட்டும் தானா ஓடிட்டு இருக்கு. பெஞ்சுல இருந்தவங்கல்லாம் அப்பவும் பார்த்துட்டுத்தான் இருந்தாங்க. அவங்களுக்கு அவங்க ஆள் இன்னும் தெரியுது போல. எனக்கு மட்டும் போயிடுச்சு. ரெண்டாம் தரமும் என் பொண்ணு போயிட்டா."

விழுந்து கிடந்தவளைத் தூக்க ஒருவரும் ஜன்னலையோ பெஞ்சையோ விட்டு எழவில்லை என்பதும் பிறகு தெரிந்தது. தெருவில் போன ஆட்டோக்காரர்தான் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தாராம். எக்ஸ்ரேம்மாவுக்கு அதுதான் தாங்கவில்லை. மருந்துக்கடைக்காரர் ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்த இடம் கூப்பிடு தூரம்.

மறுநாள் லீவு சொன்னாள். நர்சரிக்குப் போய்க் கான்ட்ராக்டரிடம் வேலி வெட்டும் பெரிய கத்தரி ஒன்று கேட்டாள். அவர் எதற்கு என்று கேட்காமல் துடைத்து, எண்ணெய் போட்டுக் கொடுத்தார். "பிடியை இறுக்கிப் பிடிக்காதீங்கக்கா, கொப்புளம் வந்துடும்" என்று மட்டும் சொன்னார்.

வேலை மிச்சம் இருக்கும் வரைதான் அந்த ஆள் வருகிறது. அப்படியானால் வேலையை மிச்சம் வைக்கக் கூடாது. அவள் யோசனை அவ்வளவுதான். வெயில் சாய்வதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும், முடித்துவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். காலையிலேயே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மரங்களுக்குத் தண்ணீர் விட்டாள், சருகைக் கூட்டினாள், வேலியில் கத்தரியை வைத்தாள்.

முதல் வெட்டுச் சத்தம் கேட்டதுமே ஜன்னல்கள் திறந்தன. கொஞ்ச நேரத்தில் பாதிக் குடியிருப்பு அவளைச் சுற்றி நின்றது.

"என்ன பண்றீங்க?" என்றார் மருந்துக்கடைக்காரர். அவருக்கு மூச்சு இரைத்தது.

"தெரியலையா? செயலாளர் வேலை."

"வேலை இல்லன்னா அவன் எதுக்கு வருவான்?"

"அதுக்குத்தான் பண்றேன்."

அவர் கத்தரியின் ஒரு பிடியைப் பற்றிக்கொண்டார். அவள் விடவில்லை. இரண்டு பேரும் பிள்ளைகள் மாதிரி இழுத்துக்கொண்டு நின்றார்கள். பின்வரிசைக்காரர் ஒருவர், "நாங்க வேணா சந்தா கொடுக்கறோம். ரெண்டு மடங்கு கொடுக்கறோம். இதை மட்டும் தொடாதீங்க" என்று கெஞ்சினார்.

"டீச்சர் கையைப் போய்ப் பார்த்தீங்களா யாராவது?" என்று அவள் எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள். "ரெண்டு எலும்பும் விட்டுப் போச்சு. அவங்க கீழ கிடந்து கத்தறாங்க, நீங்க உங்கவங்க முதுகைப் பார்த்துட்டு உக்காந்திருக்கீங்க. ஒவ்வொருத்தரும் வேற வேற ஆளைப் பார்க்கறீங்கன்னு உங்களுக்கே தெரியாது. எனக்குத் தெரியும். எல்லாரும் என்கிட்டதானே வந்து சொன்னீங்க. சார், உங்க தம்பி. எங்க மாமாவுக்கு எங்க அத்தை. டீச்சருக்கு அவங்க பொண்ணு. நாளைக்கு உங்கள்ல யாரு முன்னாடி ஓடி விழப் போறீங்க?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மருந்துக்கடைக்காரரின் கை கத்தரியிலிருந்து நழுவியது. அவர் அப்படியே புல்லில் உட்கார்ந்து, பொது இடம் என்றும் பாராமல் அழுதார். மற்றவர்கள் கலைந்து போகவும் இல்லை, அவளைத் தடுக்கவும் இல்லை, ஒரு கை கொடுக்கவும் இல்லை. சாவு வீட்டு வாசல் மாதிரி ஆங்காங்கே நின்றார்கள்.

அவள் வெட்டிக்கொண்டே போனாள். வேலி பார்க்கும்போது தெரிவதைவிட நீளம். உச்சிவெயில் தலையில் ஏறி இறங்கியது. உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பி உடைந்தது. முந்தானையைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு வெட்டினாள். ஒரு பக்கத்தை முடித்து, வளைவு திரும்பி, அடுத்த பக்கத்தில் பாதி வந்திருப்பாள். நிழல்கள் நீளத் தொடங்கின.

சுற்றி இருந்தவர்களின் பேச்சு ஒரே நேரத்தில் நின்றது. அவள் நிமிரவில்லை. எல்லாரும் ஒரே திசையில் பார்க்கிறார்கள் என்பது நிமிராமலே தெரிந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கத்தரிச் சத்தம் கேட்டது.

தூரத்தில், வேலியின் மறுமுனையில். சரக், சரக் என்று நிதானமாக. அது அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது. அவள் வேகமாக வெட்டினால் அது வேகமாக வரவில்லை. நிறுத்தினால் நிற்கவும் இல்லை. தன் வேலை உண்டு, தான் உண்டு என்று வந்தது. ஓடிப்போயிருக்கலாம். கால் ஓடத் தயாராகத்தான் இருந்தது. ஆனால் பாதியில் விட்டுவிட்டுப் போனால் மிச்சத்தை அதுதான் செய்யும், நாளையும் வரும். அவள் கண்ணைத் தன் கத்தரி நுனியிலேயே வைத்துக்கொண்டு வெட்டினாள். இலைகள் அவள் காலடியில் விழுந்தன. அந்தப் பக்கத்து இலைகள் அந்தப் பக்கம் விழுந்தன. நடுவில் ஒரு செடி அகலம்தான் மிச்சம்.

அந்தப் பக்கத்துச் சத்தம் நின்றது. ஒரு கை, நறுக்கின தழை சிக்கியிருந்ததை எடுக்கச் செடிக்குள் நீண்டது.

கைகளைப் பார்த்து அவளுக்குப் பழக்கம். ஆஸ்பத்திரியில் முகத்தைக் கூடச் சரியாகப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பாள். பிடித்துத் திருப்பி வைப்பாள். அந்தக் கையின் சுண்டுவிரல் நடுக்கணுவில் வெளிப்பக்கம் வளைந்திருந்தது. பிரிட்ஜ் கதவில் நசுங்கி, சரியாகச் சேராமல் விட்ட எலும்பு. அந்த விரலுக்கு அவளே படம் எடுத்திருக்கிறாள். "ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டதற்கு, "நீங்க பிடிச்சிருக்கிற வரைக்கும் வலிக்கல" என்று சொன்ன மனுஷன். விரல் குணமான பிறகும் வந்துகொண்டே இருந்தான், கல்யாணம் ஆகும் வரை.

இரண்டு தடவை பிணவறையில் "இது அவர் இல்ல" என்று சொன்ன வாய், எதையும் சொல்லாமல் மூடிக்கொண்டது. கண்ணை உயர்த்தினால் தொப்பி தெரியும். முகம் தெரியாது என்பதும் தெரியும். அவள் கண்ணை உயர்த்தவில்லை. கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். கை தழையை எடுத்துக்கொண்டு பின்னால் போனது.

அவள் மிச்சமிருந்த அந்த ஒரு செடியை வெட்டி முடித்தாள். அந்தப் பக்கத்தையும் சேர்த்து எட்டி வெட்டினாள். பிறகு கத்தரியைக் கீழே போட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் தழைக்குவியலைத் தவிர ஒன்றும் இல்லை. யாரோ ஒரு பெண் விம்மினாள். மற்றவர்கள் சத்தமில்லாமல் வீடுகளுக்குத் திரும்பினார்கள்.

மாமனார் ஜன்னலில் இருந்தார். அவள் உள்ளே வந்ததும் எழுந்து நின்றார். பஸ்ஸில் பிரேக் பிடிக்காதபோது ஒரு டிரைவர் எப்படி நிற்பாரோ, அப்படி இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு.

"பார்த்தியாம்மா?"

"பார்த்தேன் மாமா."

"யாரு?"

வரும் வழியெல்லாம் அதற்குத்தான் அவள் பதில் தேடிக்கொண்டு வந்திருந்தாள். "யாரோ தெரியல மாமா. தெரியாத ஆள்."

அவர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்படியா. நல்லதும்மா" என்றார். பிறகு சமையலறைக்குப் போய், தட்டுத் தடுமாறி, கொப்புளத்துக்குப் போட மருந்து எடுத்து வந்தார்.

அதற்குப் பிறகு தோட்டத்துக்கு யாரும் வரவில்லை. முதல் சில நாள் எல்லாரும் வெயில் சாயும் நேரத்தில் ஜன்னலில் உட்கார்ந்து பார்த்தார்கள். புல் வளர ஆரம்பித்தது. வேலிச்செடி தலையை நீட்டியது. ஒரு நாள் மருந்துக்கடை வெயில் சாயும் நேரத்திலும் திறந்திருந்தது. டீச்சருக்கு முறை வைத்துச் சாப்பாடு போனது. முதலில் கொண்டுபோய்க் கொடுத்தவர் மருந்துக்கடைக்காரர். அவர்தான் சங்கக் கூட்டத்தில் எழுந்து, "தோட்டச் சந்தாவைத் திரும்பப் போடுவோம். கேட்டதைக் கொடுத்துடுவோம்" என்றார். பின்வரிசை, முன்வரிசை என்று யாரும் பேசவில்லை. கான்ட்ராக்டரைக் கூட்டி வர எக்ஸ்ரேம்மா இரண்டு தடவை நர்சரிக்கு நடக்க வேண்டியிருந்தது. வந்தவர் முதல் நாள் பூங்காவைத் தலை தூக்கிப் பார்க்காமலே வேலை செய்தார். அடுத்த வாரம் ஏணியை எடுத்துக்கொண்டார்.

அவள் தன் வீட்டுக்குத் தானே ரசீது போட்டுக்கொண்டிருந்தபோது மாமனார் பென்ஷன் பணத்தோடு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னொரு ரசீதும் போடும்மா. அவன் பேருக்கு."

பொய்யைக் காப்பாற்றியாக வேண்டுமே என்று, அவள் முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள். "ஏன் மாமா, வந்தா, 'என் பங்கை ஏன் கட்டல'ன்னு கேப்பாருன்னா?"

"இல்லம்மா." அவர் பணத்தை மேஜை மேல் வைத்து, பறக்காமல் இருக்க உள்ளங்கையால் மூடிக்கொண்டார். "இவ்வளவு நாள் வெயில்ல நின்னு அவன்தானே பார்த்துக்கிட்டான்."

அவள் பேனாவை வைத்துவிட்டாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நாளிலிருந்து அவர் எந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஏன் அத்தை என்று சொன்னார் என்பதெல்லாம் அவளுக்கு விளங்க அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. தினம் அவள் டியூட்டிக்குப் போன பிறகு, மூடி வைத்த தட்டைத் திறக்காமல், அவர் தனியாக அங்கே உட்கார்ந்து மகனைப் பார்த்திருக்கிறார். இருட்டினதும் அவள் வரும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வந்துட்டியாம்மா" என்று கதவைத் திறந்திருக்கிறார்.

அவள் மறுபடி பேனாவை எடுத்தாள். கொப்புளம் ஆறிக் காய்ப்புக் காய்த்த இடத்தில் பேனா உறுத்தியதால் எழுத்து கோணிக் கோணி வந்தது. அவன் பெயரை முழுதாக எழுதி, தோட்டச் சந்தாவுக்காக நன்றியுடன் பெற்றுக்கொண்டோம் என்று கீழே கையெழுத்துப் போட்டு, தாளைக் கிழித்து மாமனாரிடம் கொடுத்தாள்.